நன்றிக் குறிப்பேடு எழுதியும் மனம் நிறையவில்லை. நான் நன்றி கெட்டவளா?

அம்மா, நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. உங்கள் மூளையும் கெட்டுப்போகவில்லை. தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய உங்கள் நீண்ட கடிதத்தில் உண்மையான பயம் இந்த இரண்டும்தான் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். முடி உதிர்வது, வயிற்று உப்புசம், நகத்தில் வெள்ளைப் புள்ளி ஆகியவை இப்போதைக்குக் காத்திருக்கட்டும்.

இருபத்தோரு நாள் நன்றி எழுதினால் மூளை மாறிவிடும் என்று இணையத்தில் பார்த்துவிட்டு, நான்கு மாதமாக இரவு தவறாமல் ஐந்து வரி எழுதுகிறீர்கள். இப்படி நாள் குறித்து வாக்குக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வைத்தான் பலரும் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். அதன் முதல் பகுதியில் எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள். வாரம் ஒரு முறை, பத்து வாரம் எழுதினார்கள். வாழ்க்கையைப் பற்றிய எண்ணம் ஓரளவு மேம்பட்டது. பிறகு 2020இல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வைக் குறைப்பதில் பலன் சிறியதுதான் என்று தெரிந்தது. நல்ல பழக்கம், சரி. ஆனால் அது சிகிச்சை ஆகாது.

என்னை நிறுத்தியது உங்கள் கடைசிப் பத்தி. விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு, அப்புறம் தூக்கமே இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமை வீடு நிறைய ஆட்கள் இருந்தும் எதிலும் ஒட்டவில்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சோஜி கிண்டும்போது நெய் வாசனைகூடப் பிடிக்கவில்லை. "வீடு இருக்கிறது, நல்ல பிள்ளைகள் இருக்கிறார்கள், இருந்தும் இப்படி இருக்கிறேனே, காலையில் எழாமலே போனால் தேவலை" என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, இது மனச்சோர்வு நோயின் அடையாளம். பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே நாங்கள் கவனிப்போம், உங்களுக்கு மாதக்கணக்காகிறது. அளவுக்கு மீறிய குற்ற உணர்ச்சியும் இந்த நோயின் பகுதிதான். அந்த நிலையில் நன்றிப் பட்டியல் உங்கள் மீதே நீங்கள் எழுதும் குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. அதை இப்போதைக்கு மூடி வையுங்கள்.

தங்கை கொடுக்கும் தூக்க மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். எப்போதாவது பாதி என்கிறீர்கள், அதனால் நிறுத்துவதில் சிரமம் இருக்காது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் விழுங்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது? இரவில் எழுந்தால் தலைசுற்றி விழுவீர்கள், நாளடைவில் பழகியும் போகும். இப்படி எண்ணம் வரும் நேரத்தில் அந்த அட்டை உங்கள் வீட்டில் இருக்கவே கூடாது. தங்கையிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுவதால் பி12 வைட்டமின் அளவும் பார்க்க வேண்டும். அந்த மருந்து அதைக் குறைக்கக்கூடும், குறைந்தால் சோர்வும் மனக்கலக்கமும் வரும். மனச்சோர்வுக்கான மருந்து ஆரம்ப சுகாதார கிளினிக்கிலேயே தொடங்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நடுவில் விட்டுவிடாதீர்கள். பேச்சு சிகிச்சையும் கேளுங்கள்.

எழாமல் போவது என்ற எண்ணம் "நானே ஏதாவது செய்துகொள்ளலாம்" என்று திரும்பினால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். எந்த நேரமானாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 0800 567 567 என்ற இலவச எண்ணில் பேசுங்கள்.

தேறிய பிறகு எழுத ஆசை வந்தால் வாரம் ஒரு முறை, ஒரே ஒரு விஷயம் போதும். "குடும்பம்" என்று மொட்டையாக எழுதாமல், யார் என்ன செய்தார் என்று எழுதுங்கள். அதை அவரிடமே சொல்வது இன்னும் நல்லது.

கிளினிக்குக்குப் போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், எனக்கு எழுதிய அந்தக் கடைசிப் பத்தியை அப்படியே டாக்டரிடம் நீட்டுங்கள்.