கொக்கி அல்ல, பட்டனை எண்ணுங்கள்

வாங்கலாமா என்று நீங்கள் படம் அனுப்பிக் கேட்ட காக்கி முதலுதவிப் பை 1918-ஐச் சேர்ந்தது என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் எம்-1910 (எம் என்றால் மாடல், எண் அதன் ஆண்டு) முதலுதவிப் பையின் மூடியில் இரண்டு பட்டன்கள் இருக்கும். படத்தில் உள்ளதில் ஒன்றுதான், அதுவும் ஒரு பக்கம் தூக்கினால் மட்டும் கழலும் 'லிஃப்ட்-த-டாட்' வகை. அப்படியானால் எம்-1924 அல்லது எம்-1942. பின்னாலுள்ள இரட்டைக் கம்பிக் கொக்கி மூன்றிலும் உண்டு. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எம்-1942 சற்றுப் பெரியது, மூடி கடித உறை போலக் கூம்பி இறங்கும். தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் மூடியின் உள்ளேயோ முதுகிலோ மங்கிய மையில் இருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். 'பிரிட்டிஷ் மேட்' முத்திரை இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், பிரிட்டனிலும் தைத்தார்கள்.

புற ஊதா விளக்கில் தையல் நூல் பளீரென நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள், பிற்கால நூலாக இருக்கலாம். ஆனால் சோப்புத்தூளில் துவைத்த அசல் பையும் ஒளிரும். ஆகவே தொங்கும் நூல்நுனி ஒன்றை எரித்துப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். உருகினால் வாங்காதீர்கள்.

உள்ளே கார்லைல் தகரப்பெட்டி (காயத்துக்குக் கட்டும் துணி அடைத்தது) இருந்தால் கிழிக்கும் பட்டையைத் தொடாதீர்கள், திறந்ததும் விலை விழும்.