விடிகாலையில் பாம்பன் பாலத்தில் காரில் ஏசி போட்டால் முன்கண்ணாடி பனி மூடியது மாதிரி வெளுக்கிறதா?

கண்ணாடிக்குக் காற்றடிக்கும் பட்டனை முதலில் அணையுங்கள். காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பி, ஏசியை 25, 26-க்கு ஏற்றி, வைப்பரை ஒரு தடவை ஓட்டினால் தெளிந்துவிடும்.

வைப்பர் போட்டதும் சரியாகி மறுபடி வெளுத்தால் ஈரம் பெரும்பாலும் வெளிப்பக்கம்தான். ஏசி கண்ணாடியைக் குளிர வைக்கிறது, விடிகாலைக் கடல்காற்றின் ஈரம் அதில் படிகிறது. குளிர்ந்த சோடா பாட்டில் வேர்ப்பது மாதிரி.

சந்தேகமென்றால் உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே. அப்போது வைத்தியம் நேர் எதிர்: ஏசி ஓடட்டும், காற்று கண்ணாடிக்குப் போகட்டும், உள்காற்றுச் சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்றை விடுங்கள்.

அப்புறம், தனுஷ்கோடி போய் வந்த வண்டியென்றால் கண்ணாடியில் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். தண்ணீர் பீய்ச்சாமல் வைப்பர் போட்டால் கீறிவிடும். எதுவானாலும் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தித் துடைக்க வேண்டாம்.