ரெட் ஓக் மரத்தரையைத் தேய்த்துப் புதுப்பிக்கும்போது அந்த ரோஸ் சாயலைக் குறைக்க முடியுமா?

குறைக்கலாம், அடியோடு போக்க முடியாது. அது மேலே படிந்த கறை இல்லை, மரத்தின் சொந்த நிறம். இன்னும் ஒரு சுற்று தேய்த்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தரைதான் மெலியும்.

எங்கள் வீட்டில் பழைய பூச்சு முழுக்கப் போன அன்று மரம் வெளிர் பழுப்பாக, நான் ஆசைப்பட்ட நிறத்திலேயே இருந்தது. சந்தோஷமாக ஈரத்துணியால் தூசியைத் துடைத்தேன். துணி போன இடமெல்லாம் ரோஸ்! காய்ந்த மரம் அப்படித்தான் ஏமாற்றும். நிறமில்லாத பூச்சு போட்டாலும் ஏறக்குறைய அந்த ஈர நிறம்தான் வரும். அதனால் முதலில் உள்ளங்கை அளவு இடத்தை நனைத்துப் பாருங்கள்.

மேல்பூச்சுக்கு எண்ணெய் வகை பாலியூரித்தேன் வார்னிஷ் வேண்டாம். அதன் மஞ்சள் இந்த ரோஸோடு சேர்ந்து ஆரஞ்சு அடிக்கும், நாளாக ஆக இன்னும் மஞ்சளாகும். தண்ணீர் வகை பாலியூரித்தேன் மஞ்சளாகாது. ஆனால் ரோஸை மறைக்கவும் மறைக்காது. அதை அடக்க அடியில் வேறு ஏதாவது வேண்டும்.

பழுப்பு நிறம் பரவாயில்லை என்றால், லேசாகப் பச்சை ஓடும் பழுப்பு ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) தேடுங்கள். சிவப்பை அடக்குவது பச்சைதான். பச்சை என்றதும் பயப்பட வேண்டாம், தரையில் பச்சையாகத் தெரியாது, ரோஸ் மட்டும் மங்கும். நான் முதலில் சாம்பல் நிற ஸ்டெயினைத்தான் நம்பினேன். அதில் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கிறது. மரத்தின் சிவப்போடு சேர்ந்து அசல் கத்தரிப்பூ நிறம் வந்து நின்றது.

வெளிர் நிறமே வேண்டும் என்றால் வெள்ளை நிறமி கலந்த சீலர், அதாவது மேல்பூச்சுக்கு முன் போடும் அடிப்பூச்சு. போனா நார்டிக்சீல் அப்படிப்பட்ட ஒன்று. நான் கடைசியில் போனது இந்த வழியில்தான். வெள்ளை நிறமி டப்பாவின் அடியில் தங்கிவிடும் என்பதால் அடிக்கடி கலக்க வேண்டும். ஒரு பலகையை ஆரம்பித்தால் அதன் முழு நீளத்துக்கும் நிற்காமல் ஓட்ட வேண்டும். நடுவில் போன் எடுக்கப் போனேன், விட்ட இடத்தில் ஒட்டுப் போட்டது போல் தடம் விழுந்தது. ரெட் ஓக்கின் துளைகள் பெரியவை. சீலரை அதிகம் ஊற்றினால் அவற்றில் வெள்ளை தேங்கி, சுண்ணாம்புக் கோடு போட்டது போலாகிவிடும். காய்ந்த பிறகு மேலே தண்ணீர் வகைப் பூச்சு.

ப்ளீச் கேட்பவர்களுக்கு: துணி வெளுக்கும் குளோரின் ப்ளீச் மரத்தின் சொந்த நிறத்தை அசைக்காது. ஆக்ஸாலிக் அமிலம் இரும்புக் கறைக்கு நல்லது, இதற்கு அல்ல. காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த இரண்டு பாட்டில் ப்ளீச்தான் வேலை செய்யும், நன்றாகவே செய்யும். ஆனால் தோலையும் கண்ணையும் பதம் பார்க்கிற சரக்கு. மர நாரும் எழும்பும். அதை அடக்கத் தேய்த்தால் வெளுத்த மேல்படலமே போய்விடலாம். பழக்கமில்லாதவர் முழு அறைக்கும் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

எதுவானாலும் அந்தத் தரையிலேயே சோதனைச் சதுரம் போட்டு, மேல்பூச்சையும் அடித்து, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். சுவர் பச்சை என்றால் ரோஸ் கூடுதலாகத் தெரியும். முடிவு செய்ததும் சதுரங்களை நன்றாகத் தேய்த்து எடுங்கள், இல்லையென்றால் புதுப் பூச்சுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். என் கத்தரிப்பூச் சதுரம் மட்டும் அலமாரிக்குள் இருந்ததால் சோம்பலில் விட்டுவிட்டேன், இன்னும் அங்கேயே இருக்கிறது.