பார்வையற்ற மகளுக்கு சர்வர் வேலையா? ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. பத்தாம் வகுப்பில் மங்கத் தொடங்கிய பார்வை, இப்போது வெளிச்சமா இருட்டா என்று மட்டும் தெரிகிற அளவில் வந்து நிற்கிறது. சிஸ்டம் அட்மினாக, அதாவது நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிக்கிறவளாகத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். நீங்களோ வங்கித் தேர்வு எழுதி ஒரு கிளையில் உட்கார்ந்தால் போதும் என்கிறீர்கள். கடைசி வரியில், "நாள் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்க்கிற வேலையை, பார்க்க முடியாத பிள்ளை எப்படிச் செய்யும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பழைய மாணவர் ஒருவர் சென்னையில், ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அலுவலகத்தில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகிற சர்வர்களைக் கவனித்துக்கொள்கிறார். அவருக்குப் பார்வை அறவே கிடையாது. ஒருமுறை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். லேப்டாப் திரை கறுப்பாகக் கிடந்தது. "என்னப்பா, இன்னும் ஆன் பண்ணலையா?" என்றேன். "ஆன்லதான் சார் இருக்கு. திரை வெளிச்சம் எனக்கு எதுக்கு, பேட்டரிதான் வீணாகும்" என்றார். ஒரு காதில் ஹெட்போன், திரையில் வருவதை ஒரு மென்பொருள் அதில் படித்துச் சொல்கிறது; இன்னொரு காது நம் பேச்சுக்கு. அந்த ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். தேனீக்கூட்டம் இரைகிற மாதிரி இருந்தது, ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அந்த வேகத்தில்தான் அவர் நாள் முழுக்கக் கேட்கிறார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு எச்சரிக்கை வந்தது. ஏதோ ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பப் போகிறது. இரண்டு வரி தட்டினார், கேட்டார், மூன்றாவது வரி தட்டினார். சர்வர் தன் நடப்புகளை எழுதி வைக்கிற லாக் கோப்புகளில், யாரோ சுருக்கி வைக்காமல் விட்ட பழையவைதான் காரணம் என்று கண்டுபிடித்து, அவற்றைச் சுருக்கிவிட்டுத் திரும்பினார். டீ ஆறவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கண் தெரிந்தவர் ஆயிரம் வரி லாக்கை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே தேடுவார். ஆயிரம் வரியையும் கேட்டுக்கொண்டிருக்க இவருக்கு நேரம் கிடையாது. அதனால் முதலிலேயே, வேண்டிய சொல் உள்ள வரிகளை மட்டும் எடுத்துத் தருகிற கிரெப் என்ற கட்டளையைப் போட்டு வடிகட்டி, மிஞ்சிய நாலு வரியை மட்டும் கேட்கிறார். நல்ல அட்மின் எல்லாரும் பழக வேண்டிய வழக்கம் இது. இவருக்கு வேறு வழியில்லாததால் சீக்கிரமே பழகிவிட்டது.

சர்வர் என்பது மற்ற கணினிகளுக்கு வேலை செய்து தருகிற கணினி, எங்கோ குளிர் அறையில் இருக்கும். அட்மின் தன் மேசையிலிருந்து நெட்வொர்க் வழியே அதற்குள் நுழைந்து ஒரு வரி எழுதுவார். அது பதிலுக்குச் சில வரி எழுதும். இருபக்கமும் வெறும் எழுத்து. எழுத்தாக இருக்கிற எதையும் திரைவாசிப்பான் மென்பொருள் பேச்சாக மாற்றிவிடும், பிரெய்ல் கருவி இருந்தால் விரலுக்கும் கொண்டுவந்துவிடும். படமும் நிறமும் நிறைந்த எத்தனையோ கம்ப்யூட்டர் வேலைகளை விட, இந்தக் கறுப்புத் திரை வேலை உங்கள் மகளுக்குப் பொருந்தக்கூடியது. அவள் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்றே எனக்குப் படுகிறது.

இந்த வழியில் முன்னால் போனவர்களும் இருக்கிறார்கள். டி.வி. ராமன் புனேயில் வளர்ந்தவர், 14 வயதில் பார்வை இழந்தவர். மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து, 1994-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அவர் எழுதிய ஈமேக்ஸ்பீக், லினக்ஸில் முழு வேலையையும் பேச்சு வழியாகவே செய்ய வைக்கிற மென்பொருள். விண்டோஸில் உங்கள் மகள் பயன்படுத்துகிற என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை 2006-ல் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர், அவரும் பார்வையற்றவர்தான். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று இலவசமாகவே விட்டார். ஜாஸ் என்று இன்னொரு திரைவாசிப்பான் இருக்கிறது, நல்ல மென்பொருள்தான், ஆனால் விலை அதிகம். அலுவலகம் வாங்கிக் கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் கடன் வாங்க வேண்டாம்.

சரி, அப்படியானால் கஷ்டமே இல்லையா? இருக்கிறது. நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

மேலே சொன்ன மாணவர் இதற்கு முன் வேறொரு நிறுவனத்தில் இருந்தார். அங்கே நூற்றுக்கணக்கான சர்வர்கள் அவர் பொறுப்பில். ஆனால் தனக்கு ஒரு நாள் லீவு போட அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட வேண்டும். லீவு போடுகிற வலைப்பக்கத்தில் தேதியை மவுஸால் மட்டும்தான் தொட முடியும், கீபோர்டுக்கு அது மசியாது. புகார்களைப் பதிவு செய்கிற டிக்கெட் மென்பொருளில் பட்டன்களுக்குப் பெயரே வைக்கவில்லை. திரைவாசிப்பான் "பட்டன், பட்டன், பட்டன்" என்று சொல்லிக்கொண்டே போகும். எது அனுப்பு, எது அழி என்று தெரியாது. ஒருநாள் தவறான பட்டனை அழுத்தி, பாதி எழுதிய டிக்கெட் போய்விட்டது. மேலாளர் அதை அவருடைய கவனக்குறைவு என்று எழுதி வைத்தார். அவர் வேலையை விட்டதற்குக் காரணம் சர்வர் இல்லை, இந்தப் பட்டன்தான்.

அதனால் மகளுக்கு நான் சொல்லித்தர விரும்புவது இரண்டு விஷயம். தொழிலைக் கற்றுக்கொள்வது ஒன்று. அலுவலக மென்பொருளில் எது தடுக்கும், அதைச் சுற்றிப் போக வழி என்ன, வழியே இல்லாவிட்டால் யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரிந்துவைத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதைக் கல்லூரியில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

சில உதாரணங்கள் சொல்கிறேன், மகளுக்குப் படித்துக் காட்டுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கிற இரண்டடுக்குப் பாதுகாப்புக்கு கியூஆர் கோடு காட்டினால், பெரும்பாலும் அதன் கீழேயே அந்தச் சாவியை எழுத்தாகத் தருகிற இணைப்பு ஒன்று இருக்கும், அதை நகலெடுத்துக்கொள்ளலாம். சர்வர்களின் நிலையைக் காட்டுகிற கண்காணிப்புப் பலகையில் வரைபடமாக ஏறி இறங்குவதைக் கேட்க முடியாது. அதே எண்களை அட்டவணையாகவோ ஏ.பி.ஐ. (ஒரு நிரல் இன்னொன்றிடம் தகவல் கேட்கிற வாசல்) வழியாகவோ எடுக்கலாம்; எல்லை தாண்டினால் மெயில் வரும்படி வைத்துவிட்டால் பலகையை முறைத்துக்கொண்டிருக்கவே வேண்டாம். சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டுகிற டாப் என்ற கட்டளை சில நொடிக்கொரு முறை திரையை மாற்றி எழுதுவதால் திரைவாசிப்பான் உளறும். பேட்ச் முறையில் ஒரே ஒரு தடவை எழுதச் சொன்னால் நிதானமாகக் கேட்கலாம். மெய்நிகர் கணினியின் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடுகிற இன்னொரு கணினி) கன்சோல் திரை வெறும் படமாக வந்தால், எழுத்து வழியே பாதுகாப்பாக உள்நுழைகிற எஸ்.எஸ்.ஹெச். மூலம் போக வேண்டும். விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லைத் திறக்கும்போது, திரைவாசிப்பான் இருப்பதாகத் தெரிகிறது, அதனால் பி.எஸ்.ரீட்லைனை (தட்டுகிற வரியைத் திருத்த உதவும் துணை நிரல்) நிறுத்திவிட்டேன் என்று ஓர் எச்சரிக்கை வரும். புதியவர்கள் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பதறுவார்கள். பதற வேண்டியதில்லை, இடைஞ்சல் கூடாது என்று அதுவே ஒதுங்கிக்கொள்கிறது.

இன்னொன்று யாமல் கோப்புகள். பல சர்வர்களை ஒரேயடியாக அமைக்கிற அன்சிபிள் போன்ற கருவிகளுக்கான கட்டளைகளை அதில்தான் எழுதுகிறோம். வரியின் முன்னால் இரண்டு இடைவெளிக்குப் பதில் மூன்று விழுந்தால் எல்லாம் கெட்டுப்போகும். கண்ணுக்கு அது சட்டென்று தெரியும், காதுக்குத் தெரியாது. என்.வி.டி.ஏ.வில் வரி உள்தள்ளலை அறிவிக்கிற அமைப்பு இருக்கிறது. பேச்சாகவோ, ஏறி இறங்குகிற ஒலியாகவோ வைத்துக்கொள்ளலாம். அதை இன்றைக்கே போட்டுவைக்கச் சொல்லுங்கள். நிறுத்தக்குறிகள் அனைத்தையும் படிக்கிற நிலையையும் சேர்த்து. ஒரு புள்ளி, ஒரு கோலன் விட்டுப்போனாலும் இந்தத் தொழிலில் மன்னிப்பு கிடையாது.

சுற்றிப் போக முடியாத இடங்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கணினியை ஆன் செய்ததும் இயங்குதளத்துக்கு முன்பே வருகிற பயாஸ் திரை பேசாது. சர்வர் பெட்டியில் எந்த விளக்கு சிவப்பாக எரிகிறது என்று போய்ப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். திரையில் வருவதைக் கம்பி வழியே எழுத்தாகத் தருகிற சீரியல் கன்சோல், தூரத்திலிருந்தே சர்வரை இயக்க உதவுகிற தொலைநிர்வாக அட்டை என்று மாற்று இருந்தாலும் எல்லா அலுவலகத்திலும் அமைத்திருக்க மாட்டார்கள். என் கவலை முக்கியமாக இதுதான்: புதிதாகச் சேருகிறவர்களை முதலில் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் போடுவது வழக்கம். பிரிண்டரில் சிக்கிய தாளை எடுப்பது, மேசைக்கடியில் புகுந்து கேபிள் மாற்றுவது, அடுத்தவர் திரையில் வந்த பிழையைப் படிப்பது. அந்த வேலை உங்கள் மகளின் பலத்தைக் காட்டாது. "ஒரு வருஷம் அதைச் செய், அப்புறம் சர்வர் தருகிறோம்" என்றால், முதலிலேயே லினக்ஸ், கிளவுட் (இணையம் வழி வாடகை சர்வர்), ஆட்டோமேஷன் (வேலைகளைத் தானே நடக்க வைப்பது) பக்கம் கேட்டுப் பார்க்கட்டும். கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்கும். தனியாரில் இடஒதுக்கீடு இல்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற தனியார் நிறுவனமாக இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி உண்டு என்பதும், அதைக் கவனிக்கிற தொடர்பு அலுவலர் பற்றியும் அந்தக் கொள்கையில் இருக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்முன் அந்தக் கொள்கையை வலைத்தளத்தில் தேடிப் படிக்கட்டும். இல்லாவிட்டால் அதுவே ஒரு தகவல். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை எட்டும் வசதி அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தது. அது வங்கிகளின் கே.ஒய்.சி., அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு குறித்த வழக்கு. ஆனாலும் அலுவலகத்தில் கேட்கும்போது நமக்குப் பின்னால் ஒரு பலம்.

நேர்காணலில் பார்வையின்மையை மறைக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம்: அழைப்பு வந்ததும், "நான் திரைவாசிப்பான் பயன்படுத்துகிறேன், என் லேப்டாப்பிலேயே தேர்வு எழுத அனுமதியுங்கள்" என்று மெயில் அனுப்பிவிட வேண்டும். நேரில் போய் அவர்கள் திகைத்து நிற்பதால் யாருக்கும் லாபமில்லை. போனதும் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டு, ஒரு சர்வருக்குள் நுழைந்து காட்டட்டும். "எப்படிச் செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு நூறு வார்த்தை பதில் சொல்வதைவிட அது மேல். அப்புறம் அவளும் கேட்க வேண்டும்: டிக்கெட்டுக்கு எந்த மென்பொருள்? ரிமோட் டெஸ்க்டாப் (இன்னொரு கணினியின் திரையை இங்கே காட்டுவது) கட்டாயமா? சர்வரில் திரைவாசிப்பான் நிறுவப் பாதுகாப்புக் குழு அனுமதிக்குமா? புது மென்பொருள் வாங்கும்முன் அணுகல் வசதியைச் சோதிப்பீர்களா? ஒப்புக்கொள்வதெல்லாம் மெயிலில் இருக்கட்டும். வாய்மொழி வாக்கு மேலாளர் மாறினால் மறந்துபோகும்.

வங்கித் தேர்வை விடச் சொல்லவில்லை. எழுதட்டும், கிடைத்தால் யோசிக்கலாம். ஆனால் வங்கியிலும் உட்காரப் போவது ஒரு மென்பொருளின் முன்னால்தான். அதற்கும் பட்டன் பெயர் வேண்டும்.

உங்களுக்கும் இரண்டு வேலை. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் உள்ள டாக்பேக் என்ற திரைவாசிப்பானை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு, தினமும் பயன்படுத்துகிற ஒரு செயலியைத் திறந்து பாருங்கள். எது பேசுகிறது, எது ஊமையாக இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் விளங்கும். அணைக்கிற வழியை முன்பே மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு அப்பா தெரியாமல் போட்டுவிட்டு, பாதி நாள் போனை வைத்துத் திண்டாடினார். இரண்டாவது, அவளை வெள்ளைக் கோலோடு தனியாகப் பேருந்தில் போக விடுங்கள். கல்லூரி வாசல் வரை நீங்களே கொண்டுபோய் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரவு ஷிப்ட் உள்ள தொழில் இது. கம்பெனி கேப் கிடைக்கும், கேப்பிலிருந்து இறங்கி மேசை வரை அவள்தான் நடக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள். பயிற்சிக்கு பெங்களூரில் எனேபிள் இந்தியா அமைப்பு 1999 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது, விசாரியுங்கள்.

மகள் அனுப்பிய பயோடேட்டாவில் "கணினி இயக்கத் தெரியும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டில் பழைய லேப்டாப் இருக்கிறது என்றீர்களே, அதில் டெபியன் லினக்ஸை அவளே நிறுவட்டும். தொடக்கத்தில் ஒரு பீப் சத்தம் வரும். எஸ் தட்டி என்டர் கொடுத்தால் நிறுவல் முழுவதும் பேசிக்கொண்டே வரும். பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் படித்துச் சொல்லாதீர்கள். முதல் தடவை பாதியில் நின்றால் எங்கே நின்றது, எப்படிச் சரி செய்தாள் என்று எழுதி எனக்கு அனுப்பட்டும். பயோடேட்டாவில் அந்த இடத்தில் எதை எழுதுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.