சிந்தசைசர் கிட்: படத்தில் இருந்தது, பெட்டியில் இல்லை

விடுமுறை வந்ததாலோ, யூடியூப் பார்த்ததாலோ, இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அனலாக் சிந்தசைசர் கிட் பற்றியவை. ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஐ.சி. எல்லாம் ஒரு பெட்டியில் வரும். நாமே போர்டில் ஈயம் வைத்துப் பொருத்தினால், மின்சுற்றாலேயே ஒலி எழுப்பும் இசைக்கருவி கிடைக்கும். அதாவது, கிடைக்க வேண்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளை நீக்கிவிட்டேன், பெரும்பாலும் நியாயமான வசவுகள்தான்.

ஆன்லைனில் "அனலாக் சிந்தசைசர் கிட்" என்று பார்த்து 6,800 ரூபாய் கட்டினேன். படத்தில் நாப், ஒயர் எல்லாம் மாட்டி விளக்கு எரிகிறது. வந்ததோ ஒரு வெறும் போர்டும் ஓர் அலுமினியத் தகடும். கேட்டால், "போர்டு, பேனல் மட்டும் என்று விவரத்தில் போட்டிருக்கிறோமே" என்கிறார்கள். கடைசி வரியில் இருக்கத்தான் செய்கிறது. — போரூர் வாசகர்

கடைசி வரியில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டாம். கூச்சப்பட வேண்டியவர்கள் அதைக் கடைசி வரியில் வைத்தவர்கள்.

கிட் என்ற பெயரில் மூன்று விதமான சரக்கு விற்பனையாகிறது. வெறும் போர்டும் பேனலும் ஒன்று. அதோடு சுலபத்தில் கிடைக்காத ஐ.சி.க்களைச் சேர்த்துத் தருவது இன்னொன்று. ஸ்க்ரூ வரை எல்லாம் உள்ள முழு கிட் மூன்றாவது. முதல் வகையில் தப்பில்லை. வீட்டில் பாகங்களை டப்பா டப்பாவாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதைத்தான் தேடி வாங்குவார்கள். கட்டி முடித்த கருவியின் படத்தைப் போட்டு முதல் வகையை விற்பதுதான் ஏமாற்று.

முதல் வேலை: போர்டில் ஒரு ரெசிஸ்டரைக்கூடப் பற்றவைக்காதீர்கள். வைத்தால், "பயன்படுத்திய பொருள்" என்று கதையை மாற்றுவார்கள். விற்பனைப் பக்கத்தைப் படமும் கடைசி வரியும் தெரியும்படி இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளை அந்தப் பக்கம் திருந்திவிடும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மேல் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஆனால் ஆறப்போடாதீர்கள்.

கடையில் வாங்குவதைவிட நாமே கட்டினால் மலிவா? — மதுரை வாசகர்

இல்லை. 2013-இல் ஜப்பானின் கோர்க் நிறுவனம் வோல்கா என்ற மலிவான கையடக்க அனலாக் கருவிகளை இறக்கிய பிறகு சுத்தமாக இல்லை. கட்டும் ஆசை இருந்தால் கட்டுங்கள். வீட்டில் மட்டும் சிக்கனம் என்று சொல்லி வைக்காதீர்கள். சால்டரிங் அயர்ன், மல்ட்டிமீட்டர், கட்டர் என்று பில் வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

கிட்டைக் கட்டி முடித்தேன். 12 வோல்ட் அடாப்டர் தேவை என்று இருந்தது. வைஃபை ரவுட்டரின் பழைய 12 வோல்ட் அடாப்டர் சும்மா கிடந்தது, செருகினேன். சத்தமே இல்லை. டூப்ளிகேட் கிட்தானே? ஒரு ஸ்டார் போட்டுவிட்டேன். — திருப்பூர் வாசகர்

நீங்கள் அனுப்பிய வழிகாட்டியின் முதல் பக்கத்திலேயே "12 வோல்ட் ஏ.சி." என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. நான் படித்தேன். நீங்கள் படிக்கவில்லை.

ரவுட்டர் அடாப்டர் தருவது டி.சி. உங்கள் கிட்டுக்கு பிளஸ் 12, மைனஸ் 12 என்று இரண்டு பக்கமும் மின்சாரம் வேண்டும். அதன் பவர் பகுதி, ஏ.சி. அலையின் மேல் பாதியிலிருந்து பிளஸ்ஸையும் கீழ்ப் பாதியிலிருந்து மைனஸையும் எடுக்கிறது. டி.சி.யில் கீழ்ப் பாதியே கிடையாது. மைனஸ் பக்கம் செத்துக் கிடக்கும்போது, ஒலியைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஐ.சி. எப்படிப் பாடும்? நல்ல வேளை, இதனால் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. அடாப்டர் வாங்கும்போது லேபிளில் அவுட்புட் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ஏ.சி. என்றோ ஒரு நெளிகோடோ இருக்க வேண்டும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்று அல்ல.

அந்த ஒரு ஸ்டாரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், கிட்டை "கிஃப்ட்" என்று எழுதி கூரியரில் அனுப்புகிறேன், டூட்டி வராது என்கிறார். சரியா? — தஞ்சாவூர் வாசகி

அண்ணன் ஊரைவிட்டுப் போய் நாளாகிவிட்டது போலிருக்கிறது. கிஃப்ட் என்று சொல்லித் தீர்வையில்லாமல் எடுக்கும் வழி 2019 டிசம்பரில் அடைபட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. சிந்தசைசர் இரண்டிலும் சேராது. டூட்டியும் பொருளின் விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் செலவையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். அதன்மேல் கூரியர் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் கேட்கும். மொத்தக் கணக்கைப் பார்த்துவிட்டு அண்ணனிடம் பேசுங்கள்.

இன்னொன்று. கிட்டோடு அடாப்டரும் வருகிறதா? அங்கே சுவரில் 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மாற்றிவிடும் சின்னக் கட்டை வோல்ட்டேஜை மாற்றாது. உள்ளே காயில் சுற்றிய ஏ.சி. அடாப்டராக இருந்தால் செருகிய கொஞ்ச நேரத்தில் புகை வரும். என் வீட்டிலும் வந்தது. "இந்தியாவில் ஓடும்" என்று விற்றவர் எழுதியே கொடுத்திருந்தார். ஓடத்தான் ஓடியது, ஒரு பாட்டு முடியும் வரை.

கிட் வந்தது. வழிகாட்டிப் புத்தகம் இல்லை. ஓர் அட்டையில் க்யூ.ஆர். கோடு, ஸ்கேன் செய்தால் பக்கம் இல்லை என்கிறது. ரெசிஸ்டர்கள் எல்லாம் ஒரே பையில் கலந்து கொட்டிக் கிடக்கின்றன. என்ன செய்வது? — சேலம் வாசகர்

இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன்.

கிட்டுக்குக் கொடுக்கும் காசு பாகங்களுக்கானது என்று நினைக்கிறோம். பாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். நாம் காசு கொடுப்பது, எதை எங்கே எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து, தானே கட்டிப் பார்த்து, எழுதி வைத்ததற்கு. அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் 1947-இல், மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் கிட்டோடு தொடங்கி 1992 வரை கிட் விற்றது. அவர்கள் பேர் வாங்கியதே புத்தகத்தால்தான். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் டிக் போட ஓர் இடம் இருக்கும். ஒயரை எத்தனை நீளத்துக்கு வெட்ட வேண்டும் என்பது முதற்கொண்டு எழுதியிருப்பார்கள். 1978-இல் இங்கிலாந்தில் டிம் ஓர் வடிவமைத்த டிரான்ஸென்டன்ட் 2000 என்ற சிந்தசைசரின் கட்டுமான விவரம் ஒரு மின்னணு இதழில் வெளியாயிற்று. பவர்ட்ரான் நிறுவனம் கிட்டை விற்றது. ஜாய் டிவிஷன் என்ற ராக் குழுவின் பெர்னார்ட் சம்னர் அதை வாங்கித் தானே கட்டினார். எஞ்சினியர் அல்ல, கிட்டார் வாசிப்பவர். எழுத்து ஒழுங்காக இருந்தால் அது நடக்கும். இன்றைக்கும் லாட்வியாவின் எரிகா சிந்த்ஸ் நிறுவனம், யூடியூபில் சிந்தசைசர் சுற்றுகளை விளக்கும் மோரிட்ஸ் க்ளைனோடு சேர்ந்து விற்கும் பயிற்சி கிட்களில், இந்த ரெசிஸ்டர் ஏன் இங்கே இருக்கிறது என்பது வரை விளக்கியிருக்கிறார்கள். ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

மற்றவர்கள் செய்வது என்ன? ஒரு க்யூ.ஆர். கோடு. இணையதளத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டாமல் விட்டால் வழிகாட்டியும் போயிற்று. தாள் அச்சடிக்கக் காசில்லையாம், பளபளவென்று நாலு வண்ணத்தில் பெட்டி அடிக்க மட்டும் இருக்கிறதாம். என் அலமாரியில் ஒரு ஃபில்டர் கிட் பல வருஷமாகப் படுத்திருக்கிறது. போர்டில் "ஆர் 14" என்று அழகாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆர் 14 எத்தனை ஓம் என்று சொன்ன ஒரே இணையப் பக்கம் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து மறைந்துவிட்டது. போர்டு நல்ல போர்டு. என்ன பிரயோஜனம்?

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன் வழிகாட்டியை இறக்கிப் பாருங்கள். மதிப்புகளோடு பாகப் பட்டியல், பொருத்தும் வரிசை, மின்சாரம் கொடுத்ததும் எந்த இடத்தில் எத்தனை வோல்ட் காட்ட வேண்டும், கடைசியில் ஸ்ருதி சேர்ப்பது எப்படி — நாலும் அதில் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் காட்ட மாட்டேன் என்கிறார்களா, விட்டுத் தள்ளுங்கள்.

சேலத்துக்காரருக்கு: வழிகாட்டி இல்லாத கிட் குறையுள்ள பொருள் என்று மெயிலில் எழுதி, வழிகாட்டியோ பணமோ கேளுங்கள். வழிகாட்டி வந்தால், ரெசிஸ்டர்களைக் கண்ணால் பிரிக்காதீர்கள். மதிப்பைச் சொல்லும் ஐந்து நிறப் பட்டை, நீல உடம்பு. அதன்மேல் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே நிறம். ஒவ்வொன்றையும் மல்ட்டிமீட்டரில் அளந்து, தாளில் குத்தி, மதிப்பை எழுதி வையுங்கள். ஒரு மாலை போகும். பிறகு தவறைத் தேடும் பல மாலைகள் மிச்சமாகும்.

சி.இ.எம். 3340 ஐ.சி. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று நான்கு வாங்கினேன். இரண்டு வேலை செய்யவில்லை, இரண்டு கண்டபடி ஊளையிடுகின்றன. கடைக்காரர் "நீங்கள் எரித்துவிட்டீர்கள்" என்கிறார். — கோவை வாசகர்

வருத்தமாக இருக்கிறது. இந்த ஐ.சி.க்குப் போலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். டக் கர்ட்டிஸின் நிறுவனம் உருவாக்கிய இது, 1980-களின் பல பெரிய சிந்தசைசர்களில் ஸ்வரம் எழுப்பியது. பின்னாளில் உற்பத்தி நின்றுபோய், 2016-இல்தான் மறுபடி வந்தது. நடுவில் பழைய சரக்குக்குத் தேவை ஏறியதால், வேறேதோ ஐ.சி.யின் எழுத்தைச் சுரண்டிவிட்டு இந்தப் பெயரை அச்சிடும் வேலையும் நடந்தது. ஏ.எஸ். 3340 என்று இருந்தால் பயப்படாதீர்கள். அது ரிகாவிலிருந்து வரும், தன் சொந்தப் பெயரிலேயே விற்கும் ஒழுங்கான மாற்று.

கொஞ்சம் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு மேலெழுத்தைத் தேயுங்கள். கறுப்புச் சாயம் பஞ்சில் ஒட்டினாலோ, அடியில் சுரண்டிய கோடு தெரிந்தாலோ வீடியோ எடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: மைனஸ் 12 வோல்ட்டை இந்த ஐ.சி.க்கு நேராகக் கொடுக்கக் கூடாது, நடுவே ஒரு ரெசிஸ்டர் வேண்டும். அது உங்கள் போர்டில் இருந்தால் கடைக்காரர் சொல்வது நிற்காது.

சிங்கப்பூரில் இந்தப் பாகங்கள் எங்கே கிடைக்கும்? — ஈசூன் வாசகர்

சிம் லிம் டவர். பக்கத்திலிருக்கும் சிம் லிம் ஸ்கொயர் அல்ல.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் சிந்தசைசர் கட்ட வேண்டும் என்கிறாள். சில நூறு ரூபாய்க்கு "அடாரி பங்க் கன்சோல்" என்று ஒரு கிட் இருக்கிறது. இவ்வளவு மலிவாக இருப்பதால் சந்தேகம். — நாகர்கோவில் வாசகி

சந்தேகப்பட்டது நல்லது, ஆனால் இது ஏமாற்று இல்லை. அமெரிக்க மின்னணு எழுத்தாளர் ஃபாரஸ்ட் மிம்ஸ் 1980-இல் வெளியிட்ட சுற்று அது. 556 என்ற ஒரே ஐ.சி.; அதற்குள் 555 டைமர் இரண்டு. கூட சில ரெசிஸ்டர், கெபாசிட்டர், இரண்டு நாப், ஒரு பேட்டரி. அடாரி நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய வீடியோ கேம் மாதிரி கத்துவதால் வந்த பெயர். இதில் பாட்டு வாசிக்க முடியாது என்பதை மட்டும் மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வாசிக்க ஆசை என்றால் கீபோர்டு வாங்கிக் கொடுங்கள். கட்ட ஆசை என்றால் இதுதான் சரியான தொடக்கம். ஐ.சி.க்கு சாக்கெட் உள்ள கிட்டாகப் பாருங்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பற்றவைக்கட்டும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் முறுக்குத் தின்ன விடாதீர்கள். முதல் சத்தம் வந்ததும் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

கட்டி முடித்த சிந்தசைசர் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. "ஸ்ருதி கொஞ்சம் விலகும், அனலாக்னா அப்படித்தான்" என்கிறார் விற்பவர். நம்பலாமா? — புதுச்சேரி வாசகர்

பாதி நம்பலாம். இந்தக் கருவிகளில் ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைப் போடும் டிரான்சிஸ்டர் ஜோடி வெப்பத்துக்கு ஏற்ப மாறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம். அதைச் சமன்செய்ய டெம்ப்கோ என்று தனி ரெசிஸ்டர் உண்டு. கிடைக்கவில்லை என்று அதற்குப் பதில் சாதாரண ரெசிஸ்டரை வைத்துவிட்டு, "அனலாக்னா அப்படித்தான்" என்று தத்துவம் பேசுகிறவர்கள் நிறைய. அரை மணி நேரம் ஓடவிட்டு, கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் வாசித்து, போனில் இருக்கும் ட்யூனரில் பாருங்கள். ஃபேனைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அலைந்தால் கிளம்பிவிடுங்கள்.

அடித்தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லவும் மறக்காதீர்கள். தேக்குப் பெட்டியின் அழகைப் பார்த்து நான் வாங்கிய ஒன்றில், அடித்தகட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார் விற்றவர். பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது.

உடைந்த பேனலோடு கிட் வந்தது. படத்தோடு ரிவ்யூ போட்டேன். "ரிவ்யூவை எடுத்தால் பாதிப் பணம் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஏற்கலாமா? — வேலூர் வாசகர்

முழுப் பணத்தையும் கேளுங்கள். ரிவ்யூ அங்கேயே இருக்கட்டும். அந்த வாட்ஸ்அப் செய்தியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதற்குக் கீழே போட்டுவிடுங்கள்.