கார்ட்டூன் படத்துக்கு யார் போடற மார்க்க நம்பறது? கேள்வி பதில்

அனிமேஷன் படம் பத்தி கேளுங்கன்னு சொன்னதும் தர்மபுரி கிருஷ்ணகிரி ஆளுங்க கொட்டிட்டீங்க, ஒரே மாதிரி கேள்விய விட்டுட்டு மத்ததுக்கு சொல்றேன்.

பாலக்கோடு தம்பி: அண்ணா, சூப்பர் மாரியோ படத்த விமர்சகருங்க சுமார்னாங்க, வசூல் பிச்சுக்கிச்சு. யார் சொன்னது சரி?

ரெண்டு பேரும் சரி தான் தம்பி. 2023ல உலகம் பூரா 130 கோடி டாலருக்கு மேல வாரிச்சு, ஆனா ஆஸ்கர் அனிமேஷன் பிரிவுல நாமினேட் ஆன அஞ்சு படத்துல கூட வரல. விமர்சகர் கதை எங்கன்னு தேடுறாரு, சின்ன வயசுல டிவி முன்னாடி உக்காந்து மாரியோ வீடியோ கேம ஆடுன பையனுக்கு அந்த மியூசிக் வந்தாலே காசு வசூல்.

ஓசூர்ல இருந்து ஒருத்தர்: விமர்சனங்கள தொகுத்து போடற ராட்டன் டொமேட்டோஸ் சைட்ல 95%னா நூத்துக்கு 95 மார்க் தானே?

இல்லவே இல்லங்க, எல்லாரும் ஏமாறற எடம் இது தான். நூறு விமர்சகர் எழுதுனா அதுல எத்தன பேரு "பாக்கலாம்"னாங்கங்கறது தான் அந்த சதவீதம், நூறு பேரும் அஞ்சுக்கு மூணு போட்டு "பரவால்ல"ன்னாலும் 100% காட்டும். அறுபது பேரு தலைல தூக்கி வச்சு ஆடி நாப்பது பேரு திட்டுன படம் 60%ல நிக்கும், எனக்கு அந்த ரெண்டாவது படத்த பாக்கத் தான் ஆச. சராசரி மார்க் தனியா இருக்கும், அதையும் ஒரு பார்வ பாருங்க.

அரூர் அக்கா: மகாவதார் நரசிம்மா பாத்துட்டு எங்க மாமியார் கையெடுத்து கும்பிட்டாங்க, எம் பையன் கிராபிக்ஸ் சரியில்லங்கறான்.

உங்க வீட்டுக்குள்ளயே விமர்சகரும் ஆடியன்ஸும் இருக்காங்க போல அக்கா! 2025ல வந்த அந்த படம் தான் இந்திய அனிமேஷன்லயே பெரிய வசூல். நம்ம பக்கம் விடிய விடிய இரணியன் கூத்து பாத்து வளந்த சனம், தூண் பொளக்கற கட்டத்துக்குன்னே கண்ணு முழிச்சு உக்காந்திருக்கும், அங்க இரணியன் வேஷக்காரர் கட்டைய (மரத்துல செஞ்ச கூத்து அணி) கட்டி சுத்தி ஆடறப்போ சலங்கை சரியா இருக்கான்னு யார் பாத்தா, அந்த கட்டம் வருதா இல்லையா அவ்ளோ தான். பையன் அதே காசுக்கு ஹாலிவுட் படம் பாத்தவன், முடி அசையறது, தண்ணி ஓடறதுன்னு ஒப்பிட்டு பாக்கறான். அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, திட்டாதீங்க.

காவேரிப்பட்டணம்: ஆஸ்கர்ல ஓட்டு போடறவங்க எல்லா படத்தையும் பாப்பாங்களா?

ரொம்ப நாளா பாக்கணும்னு கட்டாயமே இல்ல. 2025 ஏப்ரல்ல தான் ரூல் போட்டாங்க, ஒரு பிரிவுல நாமினேட் ஆன எல்லாத்தையும் பாத்தா தான் கடைசி ரவுண்டுல ஓட்டுன்னு. இதுல ஒரு வேடிக்க, அதுக்கு முன்னாடி அந்த மார்ச்லயே லாத்வியாங்கற சின்ன ஐரோப்பிய நாட்டுல எடுத்த ஃப்ளோங்கற பூன படம் ஜெயிச்சிடுச்சு, ஒரு வசனம் கிடையாது, ப்ளெண்டர்னு ஓசில டவுன்லோட் பண்ற சாப்ட்வேர்ல செஞ்சது, எதிர்ல நின்ன இன்சைட் அவுட் 2 வசூல் கிட்டத்தட்ட 170 கோடி டாலர். அதனால பெரிய கம்பெனி தான் எப்பவும் ஜெயிக்கும்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

ஊத்தங்கரை: நம்ம தேசிய விருது எப்படிங்க?

இப்ப அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் எல்லாத்தையும் ஒரே பிரிவுல போட்டுட்டாங்க. 2023 படங்களுக்கான விருத ஹனு-மான் வாங்குச்சு, நடிகருங்க நடிச்ச தெலுங்கு படம். எனக்கு இது புடிக்கல, படம் வரையறவனுக்கு தனி பந்தி வேணும்.

பென்னாகரம்: அஞ்சு வயசு பாப்பாவ கூட்டிட்டு போக எந்த மார்க்க பாக்கணும்?

விமர்சகர், ஆஸ்கர் எல்லாரும் பெரியவங்க, அவங்கள விடுங்க. யு சான்றிதழா, ஒன்றர மணி நேரத்துக்குள்ள முடியுதா, தமிழ் டப்பிங் இருக்கா, இத பாருங்க. ஃப்ளோல பேச்சே இல்லாததால மொழி பிரச்சன வராது, ஆனா பூன தண்ணில முங்கற சீன் இருக்கு, பாப்பா பயந்த சுபாவம்னா மொதல்ல நீங்க மட்டும் பாத்துடுங்க.