பழைய கேரவனை நடமாடும் கடையாக்கலாமா? வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: மாதவரம் பக்கம் ஒரு யார்டில் 14 அடி கேரவன் டிரெய்லர் விற்பனைக்கு நிற்கிறது. படப்பிடிப்புக்கு ஓடியதாம். முன்பக்கம் ஜெனரேட்டர், உள்ளே ஏசி, கட்டில், கழிவறை எல்லாம் இருக்கின்றன. 1.6 லட்சம் ரூபாய் கேட்கிறார். பக்கச் சுவரை வெட்டித் திறப்பு வைத்து, நைட்டி, குழந்தைத் துணி விற்கும் கடையாக மாற்ற நினைக்கிறோம். இழுக்க எங்களிடம் பொலேரோ இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முதலில் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். பதிவில்லாமல் அதைச் சாலையில் இழுக்கக் கூடாது. "இழுக்கிற வண்டிக்கு ஆர்.சி. இருந்தால் போதும்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஆர்.சி. எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், கடன் அடமானம் மூன்றையும் பாருங்கள். அடமானம் இருந்தால் கடன் முடிந்ததென்று ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35 இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணை நீங்களே பென்சில் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பனை தமிழ்நாட்டுக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கிய நீங்கள் 30 நாளில் தெரிவிக்க வேண்டும். காகிதம் எதுவுமே இல்லாத டிரெய்லருக்கு நியாயமான விலை காயலான் கடை விலைதான், 1.6 லட்சம் அல்ல.

இன்னொன்று, சுவரை வெட்டிக் கடையாக்குவது சட்டத்தின் 52-ஆம் பிரிவில் வரும் மாற்றம். பதிவு ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் வாங்கி, ஆர்.சி.யில் பாடி வகையைத் திருத்திக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தபின் போனால், ஏற்க மறுக்கும்போது செலவு மொத்தமும் உங்கள் தலையில். வரைபடத்தோடு முன்னாலேயே போய்க் கேளுங்கள். ஆர்.சி.யில் ஒன்று, ரோட்டில் வேறு என்று இருந்தால் விபத்தின்போது இன்சூரன்ஸும் இழுபறியாகும்.

எங்கே நிறுத்தி விற்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தெருவோர வியாபாரத்துக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பனைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மாதிரி நெரிசலில் 14 அடி டிரெய்லரும் அதை இழுத்த பொலேரோவும் சேர்ந்து நிற்க இடமே கிடைக்காது. பள்ளி வளாகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, திருவிழாத் திடல் என்று வாடகைக்கு இடம் பேசி நிற்பவர்களுக்குத்தான் டிரெய்லர் சரி. தினம் தெருத்தெருவாகப் போகிற எண்ணம் என்றால் இதை விட்டுவிடுங்கள். 7 அடிப் பெட்டியுள்ள பழைய டாடா ஏஸ் போதும். சுமார் 750 கிலோ தாங்கும். 3,000 கிலோவுக்குள் வருவதால் பர்மிட் தொந்தரவும் இல்லை.

இவ்வளவும் சரி என்றால் வண்டியைப் பாருங்கள். உள்ளலங்காரத்தைப் பார்க்க வேண்டாம், அதையெல்லாம் கழற்றித்தான் போடப் போகிறீர்கள். விலை இருப்பது சேஸிஸிலும் ஆக்சிலிலும் (சக்கர அச்சு).

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எண்ணூர், காசிமேடு காற்றில் நின்ற வண்டி என்றால் சேனல் மடிப்புக்குள் துரு செதிலாக உரியும். சின்னச் சுத்தியால் தட்டும்போது கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே தின்றிருக்கிறது. வீலை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. டயர் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடு) நன்றாக இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. நின்றே கிடந்த டயர் பக்கச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கும். ஆறு வயது தாண்டியதென்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஜன்னலின் கீழ் மூலைகளிலும் தரை ஓரத்திலும் உட்பக்கப் பிளைவுட்டை மெல்ல அழுத்துங்கள். நல்ல பலகை எதிர்க்கும். நீர் குடித்த பலகையில் நுனி களிமண்ணில் இறங்குவதுபோல இறங்கும். இந்த வகைச் சுவர் வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே தெர்மோகோல், மரச் சட்டம், உள்ளே பிளைவுட் என்று ஒட்டிய அடுக்கு. அடுக்கு முழுசாக இருக்கும்வரைதான் அதற்குப் பலம். சட்டம் அழுகியிருந்தால் திறப்பு வெட்டிய அன்றே கூரை இறங்கும். அப்படிப்பட்ட வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

திறப்பு 7 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். வெட்டிவிட்டுச் சட்டம் போடுவதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. முதலில் உள்ளே 40×40×2 மி.மீ. சதுரக் குழாயில் முழுச் சட்டம் கட்டி, அதன் கால்களைச் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே தகட்டை வெட்ட வேண்டும். மாறிச் செய்தால் கூரை ஒரு செ.மீ. இறங்கினாலே கதவு மூடாது. இரும்புச் சட்டம் அலுமினியத் தகட்டை நேரடியாகத் தொடக் கூடாது. இடையில் ரப்பர் பட்டை வையுங்கள். கடற்காற்றில் இரண்டும் ஒட்டியிருந்தால் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அலுமினியம் அரிபடுகிறது என்று அர்த்தம். இரும்புக்கு வெறும் ரெட் ஆக்ஸைடு இந்தப் பகுதியில் தாங்காது. துரு நீக்கி எபாக்ஸி ஜிங்க் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட்.

மேல்நோக்கித் திறக்கும் கதவை 25×25×1.6 மி.மீ. குழாய்ச் சட்டத்தில் அலுமினியத் தகடு போட்டுச் செய்தால் 20 கிலோவுக்குள் முடியும். கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்ட்ரட் இரண்டு வையுங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பக் கூடாது. காற்று தூக்கி அடித்தால் கதவு வாடிக்கையாளர் தலையில் விழும். இரும்பு ஊசி (பின்) போட்டுப் பூட்டும் தாங்கு குழாய் இருபுறமும் அவசியம். கீல் துண்டு துண்டாக இல்லாமல் முழு நீளத்துக்கும் போட்டு, மேலே ரப்பர் மடிப்பு ஒட்டினால் ஐப்பசி மழைக்கும் ஒழுகாது.

கவுன்ட்டர் உயரத்தில் பலரும் கோட்டை விடுகிறார்கள். டிரெய்லர் தரையே நிலத்திலிருந்து சுமார் 50 செ.மீ. உள்ளே நிற்பவருக்கு வசதியாக 85 செ.மீ. வைத்தால் வெளியே நிற்பவருக்கு அது 135 செ.மீ., ஏறக்குறைய தோள் உயரம். துணியைப் புரட்டிப் பார்க்கவே முடியாது. வெளிப்பக்கம் நிலத்திலிருந்து 95–100 செ.மீ. உயரத்தில் மடக்குப் பலகை ஒன்று வைத்து, துணியை அதில் அடுக்குங்கள்.

எடையும் சமநிலையும் தனி விஷயம். ஜெனரேட்டரைக் கழற்றினால் முன்பாரம் குறையும். மூக்கு லேசான டிரெய்லர் வேகத்தில் வாலாட்டும், பொலேரோவையும் சேர்த்து இழுத்துப்போகும். மொத்த எடையில் ஏறக்குறைய 8–10 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். 900 கிலோ என்றால் 70–90 கிலோ. சரக்கு ரேக்கை ஆக்சிலுக்கு மேலும் சற்று முன்னாலும் அமைத்தால் இது வரும். வேலைக்கு முன்னும் பின்னும் எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். மணலி, மாதவரம் சாலைகளில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. சுமையோடு 750 கிலோ தாண்டினால் டிரெய்லருக்கே தனி பிரேக் இல்லாமல் இழுக்காதீர்கள். வழியில் உள்ள ரயில்வே சுரங்கப்பாதைகளின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கூரையில் ஏசி இருந்தால் அதையும் சேர்த்து அளக்க வேண்டும்.

பழைய ஒயரிங்கை முழுசாக உருவிப் போடுங்கள். எல்.இ.டி. விளக்கு, இரண்டு மின்விசிறி, பில் மெஷின் எல்லாம் சேர்ந்து 120 வாட் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு 600 வாட்-மணி. 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி ஒன்று போதும், ஆனால் அதுவே 50 கிலோவுக்கு மேல். எடைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

கேள்வி: நடமாடும் கடை கட்ட ஒரு பட்டறையில் 80,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். 2 மி.மீ. குழாய் என்று பேசினோம். இப்போது 1.2 மி.மீ. போட்டிருப்பதாகத் தெரிகிறது. "வியாபாரத்துக்கு வாங்கியது, கன்ஸ்யூமர் கோர்ட் எடுக்காது" என்கிறார். உண்மையா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: இல்லை. சுயதொழிலாக, உங்கள் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தெளிவாகச் சொல்கிறது. கடையை நீங்களே நடத்துவதைப் புகாரில் எழுதுங்கள். முதலில் தேதி குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்; 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழி கேட்க 1915 எண்ணை அழைக்கலாம்.

பேச்சை மட்டும் வைத்து நிரூபிப்பது கடினம். வாட்ஸ்அப்பில் "2 மி.மீ." என்று எழுதிய செய்தி, பணம் அனுப்பிய பதிவு, வெட்டிய முனையில் வெர்னியர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து எடுத்த படம் மூன்றும் இருந்தால் வழக்கு நிற்கும். இனி கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வழி: 40×40 குழாயின் 6 மீட்டர் நீளம் 2 மி.மீ. என்றால் 14 கிலோ சொச்சம், 1.2 மி.மீ. என்றால் 9 கிலோகூட வராது. வெல்டிங்குக்கு முன் ஒரு நீளத்தைத் தராசில் வைத்தால் போதும்.

கேள்வி: டாடா ஏஸில் டிபன் கடை போடுகிறேன். வீட்டு சிலிண்டரே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: கூடாது. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுக்கு மட்டும். கடைக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான். பிடிபட்டால் பறிமுதல். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் எடுத்துவிடுங்கள்.

சிலிண்டரை ஆட்கள் நிற்கும் அறைக்குள் வைக்காமல், வெளியே திறக்கும் தனிப்பெட்டியில் சங்கிலி போட்டு நிறுத்துங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே காற்றுத் துளை பெட்டியின் அடியில் இருக்க வேண்டும். மேலே மட்டும் வைத்த துளையால் பயனில்லை. பேட்டரி, இன்வெர்ட்டர் அதே பெட்டிக்குள் வேண்டாம். கம்பி வலையுள்ள ஆரஞ்சு நிற சுரக்‌ஷா ஹோஸ் போட்டு, ஐந்து ஆண்டில் மாற்றுங்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்க வேண்டும். தீயணைப்பான் அடுப்புக்குப் பின்னால் இருந்தால் தீக்குள் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஏறும் வழியருகே 4 கிலோ ஏபிசி பவுடர் வகை ஒன்றை மாட்டுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். நுரை கிளம்பினால் வால்வை மூடி, இறுக்கி, மறுபடி தடவிப் பார்த்த பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.